மெல்லிய படலம் பிழைத்தால்: கண்ணாடியில் தெரிவதை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

மெல்லிய படலம் என்பது கண்ணாடியில் நனோமீற்றர் கணக்கில் இடும் பூச்சு. கரைசலைச் சுழற்றியோ தெளித்தோ, வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கியோ அதைப் பூசுகிறோம். படலம் பிழைத்தவுடன் கை முதலில் போவது செய்முறைத் தாளுக்குத்தான். சுற்றைக் கூட்டுவோம், செறிவைக் குறைப்போம், வெப்பத்தை ஏற்றுவோம். அந்தத் தாளை எழுதியவரின் ஆய்வுகூடத்தில் ஈரப்பதன் கட்டுப்பாட்டில் இருந்திருக்கும், குழாயைத் திறந்தால் அயன் நீக்கிய நீர் வந்திருக்கும், கரண்ட் நின்றிருக்காது. கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ அதே எண்களை வைத்துச் செய்யும்போது மாறுபவை தண்ணீர், காற்று, கரண்ட் மூன்றும்தான். எண்களைத் தொடுவதற்கு முன் இந்த மூன்றையும் விசாரியுங்கள். கீழே வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் பாகையில்.

எதைத் தேடுவதாக இருந்தாலும் ஒரு வெறும் கண்ணாடி கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் பூச்சே இடாத ஒரு சிலைட்டை எல்லாப் படிகளிலும் கூட்டிக்கொண்டு போங்கள்: அதே கழுவல், அதே உலர்த்தல், அதே சூடு. பூசிய கண்ணாடியில் உள்ள வடு வெறும் கண்ணாடியிலும் இருந்தால் கரைசலைக் குறை சொல்லிப் பயனில்லை. பார்ப்பதற்கு அறையை இருட்டாக்கி, ரோர்ச் வெளிச்சத்தைக் கண்ணாடியின் மேற்பரப்போடு ஒட்டினாற்போல் சரித்து அடியுங்கள். நேரே பார்த்தால் தெரியாத தூசியும் கீறலும் அப்போது வெள்ளையாக எழுந்து நிற்கும்.

வெள்ளை வளையமும் வெள்ளைப் புள்ளியும்

கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் இது. வன்னிக் கிணறுகளில் பலவற்றின் தண்ணீர் வன்மையானது. கல்சியமும் மகனீசியமும் அதில் கரைந்திருக்கின்றன. கண்ணாடியில் கடைசியாக நின்ற துளி காயும்போது அது தன் விளிம்பில் வளையத்தை விட்டுவிட்டுப் போகிறது.

உறுதி செய்ய: கடைசி அலசலுக்கு எடுக்கும் தண்ணீரில் ஒரு துளியைச் சுத்தமான சிலைட்டில் விட்டு, 100 பாகை ஹொட் பிளேட்டில் காயவையுங்கள். வளையம் தெரிந்தால் அந்தத் தண்ணீர் உதவாது. கடையில் வாங்கும் பற்றரித் தண்ணீரையும் போத்தலுக்குப் போத்தல் இப்படிச் சோதித்த பிறகே பாவியுங்கள். ஏற்கெனவே வடுப் பட்ட கண்ணாடியை வினாகிரியில் ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். வடு போனால் அது கல்சியம் காபனேற்று. போகாவிட்டால் சிலிக்காப் படிவு, அல்லது கண்ணாடியே அரிபட்டிருக்கிறது. மாரி முழுக்கப் பெட்டியில் அடுக்கிக் கிடந்த புதுச் சிலைட்டுகளிலும் இது வரும்: இடையில் புகுந்த ஈரம் கண்ணாடியின் சோடியத்தை வெளியே இழுத்து, மேற்பரப்பில் வெள்ளைப் பூப் பூக்க வைக்கிறது. அந்தச் சிலைட்டுகளை எறிந்துவிடுங்கள். கழுவிக் கழுவி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கழுவும் ஒழுங்கு: பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்ட இளஞ்சூட்டு நீரில் அல்ட்ராசொனிக் தொட்டியில் 10 நிமிடம். நுரை போகும்வரை அலசல். அயன் நீக்கிய நீரில் இரண்டு தரம். பிறகு அசற்றோனில் 10 நிமிடம், உடனே ஐசோபுரொப்பனோலில் 10 நிமிடம். அசற்றோனைக் கண்ணாடியில் காயவிடக் கூடாது. தான் கரைத்த கொழுப்பையெல்லாம் மேற்பரப்பில் விட்டுவிட்டு அது பறந்துவிடும். உலர்த்த நைதரசன் இல்லையென்றால் கொம்பிரசர் காற்றைப் பிடிக்காதீர்கள். அதில் எண்ணெய் வரும். ஸ்பின் கோட்டரில் (கண்ணாடியைச் சுழற்றிக் கரைசலைப் பரப்பும் பொறி) வைத்து நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 30 செக்கன் சுற்றினால் போதும்.

சுத்தமா என்று அறிய மேலே மூச்சு விடுங்கள். ஆவி ஒரே சாம்பல் நிறமாகப் படிந்து விளிம்பிலிருந்து சீராக விலகினால் சுத்தம். திட்டுத் திட்டாகப் படிந்தால் கொழுப்பு இருக்கிறது. விரல் ரேகை தெரிந்தால் யாருடையது என்று தேடுவதை விட்டுக் கையுறையை மாற்றுங்கள்.

வால்வெள்ளிக் கோடு, ஆரக்கோடு, நடுவில் ஓட்டை

ஸ்பின் கோட்டரில் வரும் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். மூன்றுக்கும் காரணம் வேறு.

வால்வெள்ளிக்குத் தலை உண்டு. தலையில் ஒரு துகள் இருக்கும். வெளிப்புறமாக ஓடிய கரைசல் அதில் மோதிப் பிரிந்து பின்னால் வாலை விட்டிருக்கும். நுணுக்குக்காட்டியில் தலையைப் பாருங்கள். செம்பழுப்பு மணியாக இருந்தால் வெளியிலிருந்து வந்த செம்மண் புழுதி. கண்ணாடி போலத் தெளிந்த கட்டியாக இருந்தால் கரைசல் தானே திரளத் தொடங்கிவிட்டது. சோளகம் அடிக்கும் மாதங்களிலும் சூடடிக்கும் நாட்களிலும் முதலாவது வகைதான் கூட வரும். ஜன்னலைச் சாத்துங்கள், படியில் ஈரத்துணி போடுங்கள், கூரை மின்விசிறியை நிறுத்துங்கள். வெக்கையில் மின்விசிறியை நிறுத்த யாருக்கும் மனம் வராது. ஆனாலும் பூசும் அந்த இரண்டு நிமிடத்துக்காவது நிறுத்தத்தான் வேண்டும். இரண்டாவது வகைக்கு 0.45 மைக்ரோமீற்றர் சிரிஞ் வடி. சேதனக் கரைப்பான் என்றால் டெப்லோன் வடி, நீர்க்கரைசல் என்றால் நைலோன் போன்ற நீர் ஏற்கும் வடி. செலுலோசு வடியில் அசற்றோன் கலந்த கரைசலை விட்டால் வடியே கரைந்து படலத்தில் வரும். முதல் இரண்டு மூன்று துளியைக் கழித்துவிடுங்கள்.

ஆரக்கோட்டுக்குத் தலை இல்லை. நடுவிலிருந்து விளிம்புவரை மெல்லிய அலைபோல ஓடும். கரைப்பான் மிக விரைவாக ஆவியாகி, மேற்பரப்பு இழுவிசை இடத்துக்கிடம் மாறுவதால் வருவது. மெதுவாக ஆவியாகும் கரைப்பானை 10 வீதமளவில் கலந்து பாருங்கள்: எதனோலுக்குப் பியூட்டனோல் பொருந்தும்.

நடுவில் ஓட்டை என்றால் துளி மையத்தில் விழவில்லை, அல்லது கரைசல் போதவில்லை. சதுரக் கண்ணாடியின் மூலைகள் தடித்து வருவதை நிறுத்த முடியாது; விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீற்றரைக் கணக்கில் எடுக்காமல், படலத்தை வைத்துக் கட்டும் மின்சாதனத்தை அதற்கு உள்ளே வையுங்கள்.

படலம் பால் நிறமாக வெளிறுகிறது

மாரிக்கென்றே உள்ள பிழை இது. ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை அறையின் ஈரப்பதனை எழுதிவையுங்கள். மலிவான ஈரமானியாக இருந்தாலும் பரவாயில்லை.

27 பாகையில் ஈரப்பதன் 85 வீதமாக இருந்தால் பனி படியும் நிலை ஏறத்தாழ 24 பாகை. அதாவது கண்ணாடி வெறும் மூன்று பாகை குளிர்ந்தாலே அதில் தண்ணீர் படியும். எதனோலோ அசற்றோனோ சுழலும்போது ஆவியாகிற வேகத்தில் மேற்பரப்பு அதைவிடக் கூடவே குளிரும். கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகள் ஈரப் படலத்தில் விழுந்து குழி பறிக்கின்றன. படலம் காய்ந்த பிறகு குழிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. கண்ணுக்கு அது பால் நிறம்.

மருந்து எளிது. கண்ணாடியை ஹொட் பிளேட்டில் 60 முதல் 70 பாகைக்குச் சூடாக்கி, எடுத்துப் பத்துச் செக்கனுக்குள் பூசுங்கள். சுற்றி முடிந்ததும் மேசையில் வைக்காமல் நேரே 100 பாகைப் பிளேட்டுக்குக் கொண்டுபோங்கள். குளிரூட்டிய அறையில் வைத்திருந்த கண்ணாடியையும் கரைசலையும் வெளியே எடுத்தவுடன் திறக்க வேண்டாம். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட மூடுபெட்டிக்குள் பூச முடிந்தால் இன்னும் நல்லது. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் 120 பாகையில் வறுத்துத் திரும்பப் போடலாம்.

கரைசல் போத்தலிலேயே கலங்குகிறது

தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் படலத்துக்காகத் தைத்தேனியம் ஐசோபுரொப்பொட்சைட்டைப் பாவிப்பவர்களுக்கு இந்தப் பத்தி. அது காற்றிலுள்ள ஈரத்தையே குடித்து வெள்ளையாகத் திரளும். போத்தலின் வாயில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் உள்ளேயும் தொடங்கிவிட்டது.

பலரும் பாவிக்கும் அளவு: ஒரு குப்பியில் 2.53 மில்லிலீற்றர் நீரற்ற எதனோலில் 369 மைக்ரோலீற்றர் தைத்தேனியம் ஐசோபுரொப்பொட்சைட்டு. இன்னொரு குப்பியில் 2.53 மில்லிலீற்றர் எதனோலில் 2 மோலார் ஐதரோகுளோரிக் அமிலம் 35 மைக்ரோலீற்றர். இரண்டாவதை முதலாவதுக்குள், கலக்கியபடியே, துளித் துளியாக விட வேண்டும். அமிலம் திரள்வதை அடக்கி வைக்கிறது. ஒரேயடியாக ஊற்றினால் விழுந்த இடத்தில் நீர் கூடி அங்கேயே வெண்மை கட்டும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 60 செக்கன், பிறகு 500 பாகையில் 30 நிமிடம்.

கலங்கிய கரைசலை வடித்துப் பாவிக்கலாமா? கூடாது. கட்டிகளை வடி பிடிக்கும், ஆனால் எவ்வளவு தைத்தேனியம் கட்டியாகப் போய்விட்டது என்று தெரியாமல் போகும், தடிப்பு மெலியும். புதிதாகக் கலவுங்கள். எதனோலும் சந்தேகத்துக்குரியதுதான்: பல தடவை திறந்த போத்தல் ஈரத்தை இழுத்திருக்கும்.

தெறிப்புத் தடுப்புப் பூச்சின் நிறம் பிழை

இந்தப் பூச்சுக்கு நிறமானி தேவையில்லை, கண்ணே போதும். கண்ணாடியின் பின்பக்கத்தில் கறுப்பு மையைப் பூசுங்கள், இல்லாவிட்டால் பின்முகத்தின் தெறிப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். பிறகு வெள்ளை ரியூப் லைற்றின் தெறிப்பைப் பாருங்கள்.

வெறும் கண்ணாடியின் முறிவுச்சுட்டி 1.52, ஒவ்வொரு முகமும் 4.3 வீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும். 1.38 முறிவுச்சுட்டியுள்ள மகனீசியம் புளோரைட்டை 100 நனோமீற்றர் பூசினால், 550 நனோமீற்றர் பச்சை ஒளியில் அது 1.3 வீதமாகக் குறையும். 550ஐ 1.38இன் நான்கு மடங்கால் பிரித்து வந்ததுதான் அந்த 100. பச்சை போனால் மிஞ்சுவது சிவப்பும் நீலமும்; அதனால் சரியான பூச்சு ஊதாவாகத் தெரியும். படலம் மெலிந்திருந்தால் வைக்கோல் நிறம் அல்லது மண்பழுப்பு. தடித்திருந்தால் நீலம்.

சந்தேகமாக இருந்தால் சரித்துப் பாருங்கள். சரிக்கும்போது படலம் மெலிந்ததுபோல் நடந்துகொள்ளும். நேரே நீலமாக இருந்தது சரிக்க ஊதாவானால் தடிப்புக் கூடிவிட்டது என்பது உறுதி. நேரே ஊதாவாக இருந்தது சரிக்கப் பழுப்புப் பக்கம் போவது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை.

சுழற்றிப் பூசும் சிலிக்காப் படலம் என்றால் தடிப்பு சுற்றின் வர்க்கமூலத்துக்கு எதிராக மாறும். 2,000 சுற்றில் 120 நனோமீற்றர் வந்தால், 100க்கு இறக்கச் சுற்றை 1.44ஆல் பெருக்குங்கள்: 2,880. தோய்த்து இழுக்கும் முறையில் எதிர்மாறு. மெதுவாக இழுத்தால்தான் மெலியும்.

வெயிலில் சரியாக இருந்த பூச்சு மாரியில் நீலத்துக்கு நகர்ந்தால் 100 பாகையில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். நிறம் திரும்பி வந்தால் தடிப்பு மாறவில்லை, துளைகளில் தண்ணீர் ஏறியிருக்கிறது. குளிர்ந்த கண்ணாடியில் ஆவியாக்கிப் பூசிய மகனீசியம் புளோரைட்டு இப்படித்தான் பஞ்சாக இருக்கும், துடைத்தாலே கீறுப்படும். பூசும்போதே கண்ணாடியை 250 முதல் 300 பாகையில் வைத்தால் இறுகிவிடும். பிளாஸ்ரிக் வில்லைக்கு அந்தச் சூடு ஆகாது.

எப்.ரி.ஓ. தெளித்த கண்ணாடி கடத்தவில்லை

எப்.ரி.ஓ. என்பது புளோரின் சேர்த்த வெள்ளீய ஒட்சைட்டு: சூடான கண்ணாடியில் கரைசலைத் தெளித்து உண்டாக்கும், மின்னைக் கடத்தும் தெளிவான படலம். முதலில் அளவையைச் சந்தேகியுங்கள். மல்ரிமீற்றரின் இரண்டு ஊசியையும் படலத்தில் குத்தி வரும் எண் தகட்டுத் தடை (படலத்தின் ஒரு சதுரத் துண்டின் தடை) இல்லை. ஊசித் தொடுகையின் தடையும் அதில் சேர்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் கடத்துகிறது என்று அறிய மட்டும் அது உதவும். ஒரே வரிசையில் நிற்கும் நான்கு ஊசி முறையில், வெளி ஊசிகள் வழியே 1 மில்லியம்பியர் அனுப்பி உள் ஊசிகளுக்கிடையில் 2.2 மில்லிவோல்ற் வந்தால், 4.532ஆல் பெருக்க, சதுரத்துக்கு ஏறத்தாழ 10 ஓம். பெரிய கண்ணாடிக்குத்தான் 4.532. ஊசி இடைவெளி 1 மில்லிமீற்றர், துண்டு 10 மில்லிமீற்றர்ச் சதுரம் என்றால் 4.2 போடுங்கள்.

அளவை சரி, படலம்தான் பிழை என்றால் மேற்பரப்பைத் தடவுங்கள். விரலில் வெள்ளைத் தூள் வந்தால், துளி கண்ணாடியைத் தொடுமுன்னரே காற்றில் எரிந்து தூளாகியிருக்கிறது: சூடு கூட, அல்லது துளி மிக நுண்மை. வட்ட வட்டமாக உப்புக் கறை இருந்தால் சூடு போதவில்லை, துளி பெரிது. வேலை செய்யும் எல்லை 450 முதல் 500 பாகை. ஹொட் பிளேட் காட்டும் எண்ணை நம்பாமல் வெப்பவிணையைக் கண்ணாடியின் மேலே வையுங்கள். பிளேட்டுக்கும் கண்ணாடி முகத்துக்கும் பத்துப் பாகைக் கணக்கில் வித்தியாசம் இருக்கும். ஒரேயடியாகத் தெளித்தால் கண்ணாடி குளிரும். சிறு சீற்றலாக அடித்து, வெப்பம் மீண்ட பிறகு அடுத்தது. கரண்ட் இறங்கும் மாலை வேளையில் பிளேட் மீள அதிக நேரம் எடுக்கும்.

படலம் தெளிவாக, நல்ல நிறமாக இருந்தும் தடை கூடவா? சாதாரணக் கண்ணாடியின் சோடியம் மேலே ஏறியிருக்கலாம். அடியில் ஒரு சிலிக்காப் படலம் அதைத் தடுக்கும். ஐ.ரி.ஓ. (இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டு) கண்ணாடி என்றால் கதை வேறு: காற்றில் 300 பாகைக்கு மேல் சூடாக்கினாலே அதன் தடை ஏறும். 450 பாகைப் படி ஏதாவது பின்னால் இருந்தால் எப்.ரி.ஓ. கண்ணாடியை எடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. எப்.ரி.ஓ. தெளிக்கும் கரைசலில் புளோரினுக்காகப் போடும் அமோனியம் புளோரைட்டோடு அமிலம் சேர்ந்தால் ஐதரோபுளோரிக் அமிலம் உண்டாகும். கண்ணாடிப் போத்தலை அது அரிக்கும், தோலுக்குள் நோவில்லாமல் இறங்கி எலும்புவரை போகும். பிளாஸ்ரிக் போத்தல், புகையை உறிஞ்சும் புகைபோக்கிக் கூண்டு, கையுறை, பக்கத்தில் தோலில் பட்டால் பூசக் கல்சியம் குளுக்கோனேற்று ஜெல். இவை இல்லாத இடத்தில் தெளிக்காதீர்கள்.

வெற்றிடம் இறங்கவில்லை, உலோகம் மங்கல்

உலோகத்தை ஆவியாக்கிப் பூசுவது காற்றை வெளியேற்றிய வெற்றிடக் கூடத்தில். அமுக்கம் இறங்காவிட்டால், கூடத்துக்கும் பம்புக்கும் இடையிலுள்ள வால்வைப் பூட்டி அமுக்கம் ஏறுவதைப் பாருங்கள். ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் கசிவு. விரைவாக ஏறிப் பிறகு தணிந்தால் உள்ளே ஈரம். மாரியில் அனேகமாக இரண்டாவதுதான். ரோட்டரிப் பம்பின் எண்ணெய்க் கண்ணாடியைப் பாருங்கள். எண்ணெய் பாலாக இருந்தால் காஸ் பலாஸ்ரை (பம்புக்குள் சிறிது காற்றை விட்டு ஈரத்தை வெளியேற்றும் வால்வு) திறந்து 30 நிமிடம் ஓடவிடுங்கள், தெளியாவிட்டால் எண்ணெயை மாற்றுங்கள். கூடத்தைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

அலுமினியம் சாம்பலாகவோ மஞ்சளாகவோ வந்தால், மெதுவாகப் பூசியிருக்கிறீர்கள். 10⁻⁵ மில்லிபாரில் மீதி வாயு, செக்கனின் பத்தில் ஒரு பங்கில் மேற்பரப்பை ஒரு தரம் மூடிவிடும். செக்கனுக்கு 0.1 நனோமீற்றர் வேகத்தில் போனால் உலோகத்தோடு ஒட்சிசனையும் சேர்த்துப் பூசுகிறீர்கள். ஷட்டரை (மூலத்துக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள மறைப்பு) மூடி உருக்கி, செக்கனுக்கு 5 நனோமீற்றருக்குக் குறையாத வேகம் வந்த பிறகு திறவுங்கள்.

தடிப்புமானி சொன்னதும் உண்மைத் தடிப்பும் ஒத்துப்போகாவிட்டால் அடர்த்தியைப் பாருங்கள். மானிக்குள் இருக்கும் பளிங்கு நிறுப்பது திணிவை மட்டும்; அதைத் தடிப்பாக மாற்ற நீங்கள் கொடுத்த அடர்த்திதான் கணக்கு. நேற்று அலுமினியத்துக்கு 2.70 போட்டுவிட்டு இன்று அதே எண்ணோடு வெள்ளியைப் பூசினால் (அதற்கு 10.49), மானி 100 என்று காட்டும்போது கண்ணாடியில் 26 நனோமீற்றர்தான் இருக்கும். நடு சரி, ஓரம் மெலிவு என்றால் தூரம் போதாது: மூலத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் உயரத்தில், மையத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி உள்ள கண்ணாடி 11 வீதம் மெலியும், 30 சென்ரிமீற்றருக்கு உயர்த்தினால் 5 வீதம்.

இனிக் குளிர்நீர். பரவல் பம்பின் (சூடான எண்ணெய் ஆவியால் உயர் வெற்றிடம் உண்டாக்குவது) செப்புக் குழாயில் கிணற்றுத் தண்ணீரை ஓடவிட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் உட்சுவரில் கல் கட்டும். பம்பின் உடல் சூடாகும், எண்ணெய் ஆவி மேலே ஏறும், பூசும் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாமல் படியும். வெளியே தெரிவது "படலம் ஒட்டவில்லை" என்பது மட்டுமே. ஆட்கள் கழுவலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். வெளியேறும் தண்ணீர் ஒரு லீற்றர் போத்தலை நிரப்ப எத்தனை செக்கன் என்று மாதாமாதம் எழுதிவையுங்கள். நேரம் கூடிக்கொண்டு போனால் கல் கட்டுகிறது. காய்ச்சி வடித்த நீரைச் சுற்றவிடும் மூடிய சுற்று இதற்கு நிரந்தரத் தீர்வு.

கரண்ட் நின்றால்: உயர் வெற்றிட வால்வைப் பூட்டு, பரவல் பம்புக்கும் ரோட்டரிப் பம்புக்கும் இடையிலுள்ள பின்வால்வைப் பூட்டு, ரோட்டரிப் பம்பின் வாயில் காற்றை விடு, சூடாக்கியின் சுவிச்சை நிறுத்து. பம்ப் ஆறும்வரை மேல்தாங்கியிலிருந்து தண்ணீர் தானாக ஓடும்படி ஒரு குழாய் போட்டிருந்தால் எண்ணெய் கருகாது. கரண்ட் வந்ததும் பொறி தானே ஓடத் தொடங்காதபடி கொன்ரக்டர் (கையால் அழுத்தினால்தான் மீண்டும் இணையும் மின் சுவிச்சு) இருக்கட்டும்.

உரிகிறது

சவர அலகால் 1 மில்லிமீற்றர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, செலோரேப்பை அழுத்தி ஒட்டி இழுங்கள். அடிக் கண்ணாடி பளிச்சென்று தெரிய முழுதாக வந்தால் ஒட்டும் முகம் பிழை: கழுவல் அல்லது எண்ணெய். பாதி ரேப்பிலும் பாதி கண்ணாடியிலும் நின்றால் படலமே பலவீனம்.

தானாக உரிந்தால் அதன் உருவம் பேசும். புழு ஊர்ந்ததுபோல் நெளிந்து எழும்பினால் படலம் நெருக்கப்பட்டிருக்கிறது. காய்ந்த குளத்து மண் போல வெடித்து ஓரங்கள் மேலே சுருண்டால் இழுபட்டிருக்கிறது. சோல்-ஜெல் படலத்தை (கரைசலாகப் பூசி, காய்ந்து ஜெல்லாகி, சுட்டு இறுகுவது) ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் இதுதான் நடக்கும். மெல்லியதாகப் பல தரம் பூசி, ஒவ்வொன்றையும் சுட்டு எடுங்கள். வெள்ளி கண்ணாடியில் ஒட்டாதது யாருடைய தவறும் இல்லை, அதன் குணம். வெற்றிடத்தை உடைக்காமல் முதலில் 2 முதல் 5 நனோமீற்றர் குரோமியம் பூசுங்கள்.

சாதனம் ஷோர்ட் ஆகிறது

சாதனம் என்றால் இங்கே அடியில் எப்.ரி.ஓ., நடுவில் படலம், மேலே வெள்ளி மின்வாய். ஒரே கண்ணாடியில் 0.1 சதுர சென்ரிமீற்றரிலும் 0.5 சதுர சென்ரிமீற்றரிலும் மின்வாய்களைப் பூசிப் பாருங்கள். பெரியவை மட்டும் ஷோர்ட் ஆனால் ஊசித்துளை: தூசியும் வால்வெள்ளியும் பற்றிய பத்திக்குத் திரும்புங்கள். எல்லாம் ஒரேமாதிரி ஷோர்ட் ஆனால் விளிம்பு. நாகத்தூளும் (துத்தநாகத் தூள்) அமிலமும் போட்டு அரித்த எப்.ரி.ஓ. ஓரத்தில் முள்ளுமுள்ளாக மீதி நிற்கும். பஞ்சுக்குச்சியால் தேய்த்து, அரித்த பகுதியில் மல்ரிமீற்றர் ஒன்றும் காட்டாத வரை திரும்ப அரியுங்கள்.

அளக்கத் தொடங்கும்போது நன்றாக இருந்து இரண்டாம் தடவை ஷோர்ட் ஆனால், ஊசி வெள்ளியைக் குத்திக் கீழே இறங்கியிருக்கிறது. அடியில் எப்.ரி.ஓ. அரிக்கப்பட்ட இடத்துக்கு மேலே வெள்ளியை நீட்டி, ஊசியை அங்கே வையுங்கள்.